நம்ம ஏரியா: ‘நாளைக்கு லீவா?’ என்று கேட்கும் நாம் இதையும் கேட்போமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும். சிட்லபாக்கம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரே கேள்விதான் ஓடும். “நாளைக்கு லீவா?”

செங்கல்பட்டு கலெக்டர் அறிவித்துவிட்டாரா, சென்னைக்கு மட்டும்தானா, கல்லூரிக்கும் சேர்த்தா என்று டி.வி-யின் அடியில் ஓடும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். நாம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம். வேளச்சேரிப் பக்கம் போய்ப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சென்னை மாவட்டக் கணக்கு. ஒரே வீட்டில் அண்ணனுக்கு லீவு, தங்கைக்கு ஸ்கூல் என்ற கூத்தெல்லாம் நமக்குப் பழகிப்போன ஒன்று.

லீவு விட்டுவிட்டால் கவலை இல்லை. பிள்ளை வீட்டில், நம் கண் முன்னால். ஆனால், காலையில் பளிச்சென்று வெயில் அடித்து, பிள்ளைகள் டிபன் பாக்ஸோடு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, மதியம் ஒரு மணிக்கு வானம் கறுத்தால்? இரண்டு மணிக்குள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால்? பள்ளியை முன்கூட்டியே விடுவதா, பிள்ளைகளை மாடியில் உட்காரவைப்பதா? யார் முடிவெடுப்பார்கள்? நமக்கு யார் சொல்வார்கள்? வேன் வராத தெருவில் இருக்கும் குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்பே எழுதி வைத்த பதிலுக்குத்தான் பள்ளிப் பாதுகாப்புத் திட்டம் என்று பெயர். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அது இருக்கிறதா? இருந்தால், நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒவ்வொரு விதிக்கும் ஒரு தேதி

‘அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை’ என்று சொல்லிவிட முடியாது. பள்ளிப் பாதுகாப்புக்கு நம்மிடம் சட்டமும் விதியும் நிறையவே உண்டு. ஆனால், அவை எப்போது வந்தன என்று வரிசையாகப் பார்த்தால் மனசு கனத்துவிடுகிறது.

2004 ஜூலை 16. கும்பகோணம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், மேலே கீற்றுக்கூரை, இறங்குவதற்குக் குறுகலான மாடிப்படி. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்பது கட்டாயமானது. அந்தத் தீயை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதில் சேர்ந்ததுதான் என்று தீர்ப்பளித்தது.

2012 ஜூலை 25. இது நம் ஏரியா. சேலையூரில் உள்ள ஒரு தனியார் பள்ளியின் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி, முடிச்சூரில் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, சக்கரத்தில் சிக்கி இறந்தாள். தாம்பரம் வட்டாரத்தில் அந்த நாளை மறந்தவர்கள் குறைவு. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் தமிழ்நாட்டில் வந்தன.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்யவும், பாழடைந்தவற்றை இடிக்கவும் உத்தரவு வந்தது.

2022 மார்ச் 28. சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் ஏறி ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் ஆள் இருந்தால் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம் என்று விதி திருத்தப்பட்டது.

2025 ஜனவரி 3. விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. குழந்தை இறந்தது. அதே ஆண்டு ஜூலை 25-இல் ராஜஸ்தானின் ஜாலாவாரில் அரசுப் பள்ளிக் கட்டடம் இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தார்கள். உடனே எல்லா மாநிலங்களும் பள்ளிகளைப் பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் கூறியது.

ஒரு குழந்தை போன பிறகு ஒரு விதி. இன்னொரு குழந்தை போன பிறகு இன்னொரு விதி. இந்த வரிசையில் இன்னொரு தேதி சேராமல் இருக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் விதிகள் நம் தெருப் பள்ளிக்குள் வந்துசேர வேண்டும்.

சான்றிதழ் வேறு, திட்டம் வேறு

தமிழ்நாட்டில் ஒரு பள்ளி நடத்த முக்கியமாக நான்கு சான்றுகள் வேண்டும். கட்டட உறுதித்தன்மைச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. இவை நான்கும் மிக அவசியம். பள்ளியில் கேட்டால் ஃபைலை எடுத்துக் காட்டுவார்கள். ‘எல்லாம் சரியா இருக்கு’ என்று நாமும் நிம்மதியாகத் திரும்பிவிடுவோம்.

அங்கேதான் சிக்கல். முடிச்சூரில் சிறுமியின் உயிரைப் பறித்த பேருந்தும் தகுதிச் சான்று பெற்ற பேருந்துதான். சான்றிதழ் என்பது ஆய்வாளர் வந்துபோன ஒரு நாளின் கதை. அதற்கு மறுநாள் பலகை உடைந்ததா, மாடிப்படிக்கு அடியில் பழைய பெஞ்சுகளை அடுக்கினார்களா, பின் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வாட்ச்மேன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாரா என்பதெல்லாம் சான்றிதழில் இருக்காது.

திட்டம் அப்படி இல்லை. இந்தப் பள்ளியில், இந்தக் கட்டடத்தில், இந்தத் தெருவில் என்னென்ன ஆபத்து வரலாம் என்று உட்கார்ந்து யோசித்து, வந்தால் யார் என்ன செய்வார்கள் என்று பெயர் போட்டு எழுதி, எழுதியதை நடந்து பார்த்துப் பழகுவது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 பிப்ரவரியில் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டி நெறிமுறைகள் இதைத்தான் கேட்கின்றன. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் அதில் இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம், அதைக் கவனிக்க ஒரு குழு, அவ்வப்போது ஒத்திகை. கட்டடம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, வகுப்பறையில் ஆடும் பீரோ, தளர்ந்த மின்விசிறி, உடைந்த ஜன்னல் கண்ணாடிவரை பார்க்க வேண்டும் என்கிறது அது.

ஒரு வரி தெளிவில்லாமல் போனால்...

‘எழுதி வைத்தால் மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது’ என்று தோன்றலாம். ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள்.

2011 மார்ச் 11. பெரும் நிலநடுக்கம், பிறகு சுனாமி. இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டினார்கள். அடுத்து எங்கே போவது என்று முடிவாகாமலேயே ஏறக்குறைய 50 நிமிடங்கள் கழிந்தன. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். அந்தப் பள்ளியில் அவசரகாலக் கையேடு இல்லாமல் இல்லை. ஆனால், எங்கே ஒதுங்க வேண்டும் என்ற இடத்தில் ‘காலி மனை, பூங்கா போன்ற இடம்’ என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். எந்தக் காலி மனை, எந்தப் பூங்கா என்று இல்லை. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். முன்கூட்டியே சரியாகத் திட்டமிடாதது பள்ளியும் கல்வி நிர்வாகமும் செய்த தவறு என்று 2018-இல் செண்டாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019-இல் உச்ச நீதிமன்றத்திலும் அது உறுதியானது.

அதே நாளில், அதே சுனாமியில், காமைஷி நகரில் வேறு கதை. அங்கே பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடத் தொடங்க, அதைப் பார்த்துத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். முதலில் போன இடம் போதாது என்று தெரிந்ததும் இன்னும் மேலே போனார்கள். அப்போது பள்ளியின் பொறுப்பில் இருந்த மாணவர் அனைவரும் பிழைத்தார்கள்.

நமக்கு நிலநடுக்கமும் சுனாமியும் தினசரி பயம் இல்லை. நம் பயம் தண்ணீர். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி செம்பாக்கம் ஏரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஏரி ஏரியாகக் கடந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம்வரை. வழியில் எங்கே அடைத்தாலும் தெருவுக்குள் வரும். 2015-இல் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த முனையில் மூடியில்லாத மழைநீர் வடிகால் இருக்கிறது, எந்த டிரான்ஸ்ஃபார்மர் தண்ணீரில் நிற்கும் என்று நம் ஊர் ஆட்களுக்கு மனப்பாடம். இந்த அறிவு எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை. பள்ளியின் திட்டத்துக்குள் இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம்மால்தான் முடியும்.

பணம் எங்கிருந்து வரும்?

அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை, வழிகள் இருக்கின்றன. எதில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

புதிய வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்ற பெரிய வேலைகளுக்குப் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தபோது ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்றார்கள்.

சின்னச் சின்ன பழுதுபார்ப்புக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு 10,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாய்வரை. 101 முதல் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 50,000 ரூபாய். கழிவுநீர்த் தொட்டி மூடி, மாடிப்படிக் கைப்பிடி, முதலுதவிப் பெட்டி எல்லாம் இந்த அளவுக்குள் அடங்கும் செலவுதான். ஆனால், இந்தத் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்ததும், மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனதும் நாம் செய்தியில் படித்ததுதான். டெல்லியும் சென்னையும் மோதிக்கொள்ளும்போது, அடிபடுவது பள்ளியின் உடைந்த தொட்டி மூடியும்தான் என்பதை இரண்டு தரப்பும் யோசிக்க வேண்டும்.

இவை தவிர, முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. நிதி 5 கோடி ரூபாய். மெப்ஸ் வளாகத்தில் அத்தனை கம்பெனிகள் இருக்கும் ஊர் நம்முடையது. கேட்க ஆள் இருந்தால் கொடுக்க ஆள் கிடைக்காமல் போகாது.

கேட்கும் அதிகாரம் உங்களிடம்தான்

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21, 22-ஆம் பிரிவுகள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசுப் பள்ளிகளில் அந்தக் குழு எழுதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அடிப்படையாக வைத்துத்தான் அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

தமிழ்நாட்டில் 2024-இல் இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது, முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் கொண்ட குழுவாக மாற்றினார்கள். கூட்டத்தின் தீர்மானங்களைப் பதிவு செய்ய டி.என்.எஸ்.இ.டி. பேரன்ட்ஸ் என்ற செயலியும் உண்டு.

ஆனால், நடைமுறையில் என்ன? கூட்டம் நடக்கும் வெள்ளிக்கிழமை மதியம் பாதி அம்மாக்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அப்பாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘ஹெச்.எம். பார்த்துப்பாங்க’ என்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்பினால், சட்டம் கொடுத்த அதிகாரம் அந்த டீ கப்போடு போய்விடும். ஒரு தலைமை ஆசிரியருக்கு ஏற்கெனவே ஆயிரம் பதிவேடு, ஆயிரம் செயலி. பாதுகாப்புத் திட்டத்தையும் அவர் தலையில் மட்டும் கட்டினால், இன்னொரு பள்ளியின் திட்டத்தைப் பெயர் மாற்றி ஃபைலில் வைப்பதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? நாமும் கூட உட்கார்ந்தால்தான் அது இந்தப் பள்ளிக்கான திட்டமாக இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் கேட்க 7 கேள்விகள்

இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பள்ளி நேரத்தில் பெரிய மழை வந்தால் யார் முடிவெடுப்பார்கள்? தகவல் எந்த வழியில் வரும்? பெற்றோர் வர முடியாவிட்டால் பிள்ளையை வேறு யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெயர்களாவது பள்ளியில் எழுதி இருக்கிறதா?

2. தீ என்றால் எங்கே கூட வேண்டும்? வெள்ளம் என்றால் எந்த மாடி, எந்த அறை? ‘பாதுகாப்பான இடம்’ என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள். இடத்தைக் கை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

3. வெளியே போக இரண்டாவது வழி இருக்கிறதா? பள்ளி நேரத்தில் அது பூட்டி இருக்கிறதா, திறந்து இருக்கிறதா? சாவி யாரிடம்? மாடிப்படியில் பழைய சாமான் கிடக்கிறதா?

4. கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது? தீயணைப்புத் துறை வாரம் ஏப்ரல் 14 முதல் 20 வரை. நம் பிள்ளைகளுக்கு அது பரீட்சையும் லீவுமாகப் போகிற சமயம். எனவே தேதி பார்க்காமல், மழைக்கு முன்பே தாம்பரம் தீயணைப்பு நிலையத்திடம் பள்ளி மூலமாகக் கேட்கலாம். ஒத்திகை சாப்பாட்டு நேரத்திலும் ஒரு தடவை நடக்கட்டும். ஆபத்து வகுப்பு நேரம் பார்த்து வராது. நடக்க முடியாத பிள்ளையை, காது கேளாத பிள்ளையை யார் அழைத்து வருவார்கள் என்பதும் அன்று தெரிந்துவிடும்.

5. கழிப்பறைச் சுவர், கழிவுநீர்த் தொட்டி மூடி, சம்ப், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, சுவிட்ச் போர்டு. இந்த ஐந்தையும் மாதம் ஒரு முறை யார் பார்க்கிறார்கள்? திருநெல்வேலியும் விக்கிரவாண்டியும் நமக்குச் சொன்னது இதைத்தான். மழையில் மின்கம்பமோ வயரோ அபாயமாக இருந்தால் மின்னகம் 94987 94987 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

6. பேருந்தில் உதவியாளர் இருக்கிறாரா? கேமரா வேலை செய்கிறதா? மே மாதம் வட்டாரப் போக்குவரத்து அலுவலர், போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை சேர்ந்து நடத்தும் ஆய்வில் அந்த வண்டி கலந்துகொண்டதா? 2025 ஜூலை 8-இல் கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டில் வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உங்கள் வேன் போகும் பாதையில் கேட், ஏரிக்கரை, தாழ்வான சாலை எங்கெங்கே என்று ஒரு நாள் நீங்களே பின்தொடர்ந்து பாருங்கள்.

7. யாராவது தப்பாக நடந்துகொண்டால் பிள்ளை முதலில் யாரிடம் சொல்வது? ‘மாணவர் மனசு’ பெட்டியை யார், எப்போது திறக்கிறார்கள்? 1098, 14417 இரண்டு எண்களும் பிள்ளையின் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா?

தனியார் பள்ளி என்றால்?

சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை சுற்றுவட்டாரத்தில் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் அதிகம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு, சட்டப்படி மேலாண்மைக் குழு கட்டாயம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் வழி. மத்திய கல்வி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டி நெறிமுறைகள், குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனியார் பள்ளியில் நிர்வாகமும் முதல்வரும் பொறுப்பு என்று தெளிவாகவே சொல்கின்றன.

இருந்தாலும் கேட்கத் தயக்கம் வரும். ‘கேள்வி கேட்டால் நம்ம பிள்ளையைக் குறி வைப்பார்களோ’ என்ற பயம் நியாயமானதே. அதற்கு ஒரே வழி, தனியாகக் கேட்காமல் இருப்பது. ஒரு வகுப்புப் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதம், பத்துக் கையெழுத்து. குற்றச்சாட்டாக வேண்டாம். ‘மழைக்காலத்துக்கு முன்பு ஒரு ஒத்திகை வைக்க முடியுமா, நாங்களும் உதவிக்கு வருகிறோம்’ என்று எழுதுங்கள். பொறுப்பான பள்ளி அதை வரவேற்கும். பதிலே வராவிட்டால், நான்கு சான்றுகளின் நகலை அவற்றை வழங்கிய அரசு அலுவலகங்களில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பள்ளிக்கு வெளியே இருப்பது மாநகராட்சியின் பொறுப்பு. மூடியில்லாத வடிகால், எரியாத தெருவிளக்கு, வேகத்தடை இல்லாத பள்ளி வாசல் எல்லாம் அதில் சேரும். 2021 நவம்பரில் சிட்லபாக்கம் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, நம் கோரிக்கை 70 வார்டுகளில் ஒன்றின் குரல். கவுன்சிலரிடம் வாயால் சொல்வதைவிட, பகுதி சபாவில் மனுவாகக் கொடுத்துப் பதிவு செய்வது நல்லது.

கூடவே நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் மூன்று பேரை ஏற்றிய ஸ்கூட்டரை எதிர்த்திசையில் ஓட்டி வருவது யார்? நாம்தான். நான்கு வயதுக்குக் கீழான குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும், வேகம் 40 கிலோமீட்டருக்குள் என்பதும் 2023 பிப்ரவரியிலிருந்து விதி. ஒரு பாதுகாப்புத் திட்டம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

ஏரியில் இறங்கிய ஊர் இது

‘நாம் கேட்டால் அரசாங்கம் செய்துவிடுமா’ என்று சலித்துக்கொள்பவர்களுக்கு, சிட்லபாக்கமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2019-இல் தண்ணீர்ப் பஞ்சம் கழுத்தை நெரித்தபோது, இந்த ஊர்க்காரர்கள் வார இறுதிகளில் மண்வெட்டியும் கூடையுமாகச் சிட்லபாக்கம் ஏரிக்குள் இறங்கினார்கள். ரிட்டயரானவர்கள், ஐ.டி. ஊழியர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும். அது ஊர் முழுக்கப் பேச்சான பிறகுதான், ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் என்ற அறிவிப்பு வந்தது.

அந்த ஏரிக்குக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளோடு ஒப்பிட்டால், பள்ளிக்கூடம் கேட்பது ரொம்பக் கொஞ்சம். மாதத்தில் ஒரு மணி நேரம். ஒரு கூட்டம், ஒரு நோட்டு, ஏழு கேள்விகள். முதல் கூட்டத்தில் ஏழுக்கும் பதில் கிடைக்காது. இரண்டுக்குக் கிடைத்தாலும் சரி, அந்த இரண்டும் எழுத்தில் ஏறட்டும். மீதி ஐந்து அடுத்த மாதத்துக்கு.

இன்று சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ‘ஹோம்வொர்க் என்ன’ என்று கேட்பதற்கு முன், “ஸ்கூல்ல திடீர்னு மணி அடிச்சு எல்லாரையும் வெளியே வரச் சொன்னா, நீ எந்தப் பக்கமா வருவே கண்ணு?” என்று கேட்டுப் பாருங்கள். டக்கென்று பதில் வந்தால் சந்தோஷம். பிள்ளை முழித்தால், அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கிடைத்துவிட்டது.